விசாகப்பட்டினத்தில் ஐந்து நாள் ஓய்வு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் வந்து சங்க இலக்கியத்தைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசக் கேட்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு குமாஸ்தா நாற்காலியில் அமர்ந்துவிட்ட எங்களுக்கு அத்தகைய புலமை ஏது? ஆகவே கற்றதைப் பேசுவதை விடுத்துக் கண்டதைப் பேசத் துணிந்தோம். சென்ற டிசம்பரில் நமது காலனியிலிருந்து மூன்று குடும்பங்கள், பதினோரு பேர், விசாகப்பட்டினம் சென்று ஐந்து நாள் தங்கி வந்தோம். அதனைப் பற்றியதே இச்சொற்பொழிவு.

கரக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு விடுப்பு என்றால் பொருள் ஒன்றுதான்: ஊருக்குப் போதல். அங்கே ஒரு கலியாணம், ஒரு காதுகுத்து, ஓர் அறுபதாங்கல்யாணம், பங்காளிகளோடு தீராத ஒரு வரப்புத் தகராறு. இருபது நாள் விடுப்பில் பதினேழு நாள் பிறர் வீட்டு வாசற்படியில் ஏறி இறங்கிவிட்டு, போகும்போது இருந்ததைவிடக் களைப்போடு திரும்புகிறோம். உறவைப் பேணுவது நமது கடமை. அதனைக் குறை கூற நாங்கள் வரவில்லை. ஆனால் அதற்கு ஓய்வு என்று பெயரிட்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது என்பதே எங்கள் விண்ணப்பம்.

ஊருக்குப் போகும் வழியில்தான் விசாகப்பட்டினம் இருக்கிறது. இங்கிருந்து ஏறத்தாழ 760 கிலோமீட்டர். மாலையில் வண்டி ஏறினால் பொழுது விடியுமுன் போய்ச் சேரலாம். அந்த நிலையத்தில் நமது வண்டி வெகு நேரம் நிற்பதும், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவதும் தங்களில் பலருக்குத் தெரிந்ததே. வந்த திசையிலேயே வண்டி திரும்பப் புறப்படும். சிறுவயதில் அதைக் கண்டு, 'ஐயோ, வண்டி மறுபடியும் கரக்பூருக்கே போகிறதே' என்று நாங்கள் அழுதது உண்டு.

அப்போதெல்லாம் எங்கள் தகப்பனார் கூஜாவோடு பிளாட்பாரத்தில் இறங்கித் தண்ணீர் பிடித்து வருவார்; இலையில் கட்டிய இட்டிலி வாங்கி வருவார். சன்னலோரம் நின்று எங்கள் தாயாரிடம், "வால்டேர் வந்தாச்சு. கடல் இங்கேருந்து மூணு மைல்தான். அடுத்த வருஷம் கட்டாயம் இறங்கிப் பார்த்துட்டுப் போவோம்" என்பார். 1987-ஆம் ஆண்டில் வால்டேர் என்ற பெயர் மாறி நிலையத்துக்கு விசாகப்பட்டினம் என்று பெயர் வந்தது. பலகையில் எழுத்து மாறியதே ஒழிய எங்கள் தகப்பனாரின் சொல் மாறவில்லை. வால்டேர் என்பதும் மாறவில்லை. அடுத்த வருஷம் என்பதும் மாறவில்லை. அவர் பணியிலிருக்கும்போதே காலமானார். அந்த வேலையின் பேரில்தான் நாங்கள் இந்த ரயில்வேயில் நுழைந்தோம். பின்னர் எங்கள் வாழ்விலும் இருபது ஆண்டுகளுக்குமேல் அதே நிலையத்தைக் கடந்தோம். அதே சொல்லைச் சொன்னோம். "அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது" என்று நம் பெரியோர் சொல்லிவைத்தது எங்களைக் கண்டுதானோ என்னவோ!

நிற்க. இந்தப் பயணம் எப்படிக் கைகூடிற்று என்று சொல்லிவிடுகிறோம். பொங்கல் கழிந்ததும் மூன்று குடும்பத்தாரும் மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒருவரிடம் கொடுத்து வைத்தோம். பாஸ் நமக்கு உண்டு. கட்டணக் கவலை இல்லை. ஊருக்குப் போகும் பாஸிலேயே இடையில் இறங்கித் தங்க முறைப்படி எழுதி வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் தனிப் பாஸாகவே எடுத்தோம். நிலையத்துக்கு அருகிலேயே எளிய விடுதியில் மூன்று அறைகள் அமர்த்திக்கொண்டோம்.

முதல் நாள் நாங்கள் செய்தது முழுத் தவறு. அதனை மறைக்காமல் சொல்வதே முறை. ஆடவர் மூவரும் ரயிலிலேயே அமர்ந்து ஒரு பட்டியல் போட்டிருந்தோம். எத்தனை மணிக்கு எந்த இடம், அங்கே எத்தனை நிமிடம் என்று டைம்டேபிள் போலவே எழுதியிருந்தோம். தொழிற்புத்தி எங்கே போகும்? வேன் ஒன்றை அமர்த்தி, காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, கைலாசகிரி, பொருட்காட்சிசாலை, நீர்மூழ்கிக் கப்பல், விமானம், கடைவீதி என்று ஓடினோம். குழந்தைகள் பிற்பகலிலேயே அழத் தொடங்கினர். தாயாருக்குக் கால் வீங்கிவிட்டது. பாதி இடங்களில் அவர் வேனைவிட்டு இறங்கவே இல்லை. இரவு விடுதிக்கு வந்ததும், செலவு குறையட்டும் என்று கொண்டுபோயிருந்த மின்சார அடுப்பைப் பற்றவைத்துப் பெண்கள் சோறு வடித்தனர்.

அப்போது எங்கள் குடும்பத் தலைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இங்கேயும் நாங்கதான் சமைக்கணும்னா, அடுப்பங்கரையைத்தான் மாத்திருக்கோம். அது கிடக்கட்டும். கடலைப் பார்க்கணும்னு வந்தோம். அத்தை இன்னும் கடல்ல காலை நனைக்கலை. அது உங்க பட்டியல்ல இருக்கா?"

பட்டியலைப் பார்த்தோம். இல்லை. அன்றிரவே அதனைக் கிழித்தெறிந்தோம். அடுப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். மறுநாள் முதல் ஒரு நாளைக்கு ஒரே இடம், பிற்பகலில் உறக்கம், சமையல் இல்லை என்று மூன்று விதிகள் வகுத்துக்கொண்டோம். இனி நாங்கள் சொல்லப்போகும் நன்மைகள் யாவும் அவ்விதிகளால் விளைந்தவையே.

இரண்டாம் நாள் விடியற்காலை இருள் பிரியுமுன் ராமகிருஷ்ணா கடற்கரைக்குச் சென்றோம். கிழக்குக் கடற்கரையாதலால் ஞாயிறு நேரே கடலிலிருந்து எழுகிறது. அந்நேரத்தில் கூட்டமும் இரைச்சலும் இல்லை. தெற்கே டால்பின் மூக்கு எனப்படும் குன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன்மேல் கலங்கரை விளக்கம். வடக்கே கைலாசகிரிக் குன்று. இரண்டுக்கும் இடையே வளைந்து கிடக்கிறது கடற்கரை. எங்கள் தாயார் புடைவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, பேரனின் தோளைப் பற்றியபடி, கணுக்கால் நனையுமளவு நின்றார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூணு மைல்னு சொல்லிட்டே இருந்தாரே. ஆட்டோவுல இருபது நிமிஷம்தான் ஆச்சு" என்றார். நாங்கள் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் கடற்கரை காண்பதற்கு இனியது, குளிப்பதற்கு உகந்ததன்று. அடிநீரோட்டம் வலியது, பாறைகளும் உண்டு, உயிர்ச் சேதங்கள் நேர்ந்திருக்கின்றன. கால் நனைப்பதோடு நிற்கவேண்டும். வடக்கே ருஷிகொண்டா என்னுமிடத்தில் மணற்பரப்பு அகன்றிருக்கிறது; அங்கும் காவலர் சொல்லும் எல்லையைத் தாண்டலாகாது. இளைஞர்கள் இதனைக் காதில் போட்டுக்கொள்ளவேண்டும்.

அதே சாலையோரத்தில் 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றிக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். முதல் நாள் ஓட்டத்தில் அதனைச் சரியாகக் காணாததால் மற்றொரு மாலை திரும்பச் சென்றோம். சோவியத் நாட்டில் கட்டப்பெற்று, 1969-ஆம் ஆண்டில் நமது கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்று, 2002-இல் காட்சிச்சாலையாயிற்று. நீளம் 91 மீட்டர். நமது ரயில் பெட்டிகள் நான்கினை வரிசையாகக் கோத்தாற்போல. அதற்குள் எழுபதுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனராம். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கமுடியும். கதவுகள் வட்டமான துளைகளாக உள்ளன. வெடிகுண்டுக் குழாய்களின் அருகிலேயே படுக்கைகள். அதைக் கண்ட எங்கள் பையன், "நம்ம குவார்ட்டர்ஸ் பெரிசுதான்" என்று ஒப்புக்கொண்டான். பல நாள் வாதத்தில் எங்களால் சாதிக்க முடியாததை அக்கப்பல் ஒரே நொடியில் சாதித்தது.

சாலைக்கு எதிர்ப்புறம் டி.யு.142 என்னும் பெரிய கடற்படை விமானத்தை 2017-ஆம் ஆண்டு முதல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அருகில் 1971-ஆம் ஆண்டுப் போரின் வெற்றி நினைவுச் சின்னம் ஒன்றும் உள்ளது. அப்போரில் பாகிஸ்தானின் 'காஜி' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது இந்நகரின் கடற்பரப்பில்தான். இவ்விடங்களின் திறப்பு நேரத்தையும் வார விடுமுறையையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்வது நலம்.

மூன்றாம் நாள் சிம்மாசலம். நகரிலிருந்து பேருந்தே மலைமேல் செல்லுகிறது. இங்கே எழுந்தருளியிருக்கும் வராக நரசிம்மரின் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினால் மூடப்பட்டிருக்கும். அட்சய திருதியை ஒரு நாள் மட்டுமே சந்தனம் களையப்பெற்று நிஜரூபத்தைக் காணலாம். அன்று பெருங்கூட்டம், முதியோரும் குழந்தைகளும் உள்ள நம்மைப் போன்றோர் மற்ற நாட்களில் செல்வதே தக்கது.

அக்கோயிலில் நமக்கு ஓர் உறவும் உண்டு. அங்குள்ள கல்வெட்டுகளில் மிகப் பழையதாகக் கூறப்படுவது முதற் குலோத்துங்க சோழனது ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தது, கி.பி. 1098-99. கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரின் பாட்டுடைத் தலைவன் இவனே. விசாகப்பட்டினத்துக்கே அக்காலத்தில் குலோத்துங்க சோழபட்டினம் என்றொரு பெயர் வழங்கிற்று. ஊரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டோமே என்று நாம் ஏங்குகிறோம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மவர் இவ்வழியே வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் வந்தது படையோடு. நாம் வந்தது பாஸோடு. நமது வருகையே மேலானது என்று எங்களுக்குத் தோன்றிற்று.

மற்றோர் உறவையும் சொல்லவேண்டும். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். அவருடைய தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தமையால் பிள்ளைப் பருவத்தை இந்நகரில் கழித்தார். இங்குள்ள பள்ளியில் படித்து, 11-ஆம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். நாங்களும் மெட்ரிகுலேஷன்தான், ஆனால் 17-ஆம் வயதில், அதுவும் இரண்டாம் முறை. பிழைப்பைத் தேடிப் பிற மொழி வழங்கும் ஊருக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை அவர் என்பதை நமது காலனிப் பிள்ளைகள் நினைவில் வைக்கவேண்டும் என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

நான்காம் நாள் ரயிற்பயணம். 'ரயில்வேக்காரன் ஓய்வுக்குப் போய் அங்கும் ரயில் ஏறினானாம்' என்று தாங்கள் நகைக்கலாம். ஆனால் கொத்தவலசையிலிருந்து கிரந்துல் செல்லும் மலைப்பாதை எல்லாப் பாதையையும் போன்றதன்று. பைலாடிலாச் சுரங்கத்து இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு அனுப்பும் பொருட்டு 1960-களில் அமைத்த பாதை இது. கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து ஐம்பதுக்கு மேற்பட்ட சுரங்கவழிகள்! ஒவ்வொரு சுரங்கத்திலும் குழந்தைகள் கூவ, வெளியே வந்ததும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. வழியில் சிமிலிகுடா என்னும் நிலையம் கடல் மட்டத்துக்கு 996 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு காலத்தில் நாட்டின் அகலப்பாதையில் அதுவே மிக உயர்ந்த நிலையமாகப் புகழ் பெற்றிருந்தது.

காலை வண்டியில் அரக்கு சென்று மாலை வண்டியில் திரும்பினோம். போரா குகைகளைக் காண விரும்புவோர் போரா குகாலு நிலையத்தில் இறங்கவேண்டும். சுண்ணாம்புப் பாறையில் நீர் சொட்டிச் சொட்டிப் பல்லாயிரம் ஆண்டுகளாக உருவான தூண்களும் திரைகளும் அங்கே உள்ளன. படிகள் அதிகமாதலால் தாயாரை உத்தேசித்து நாங்கள் இறங்கவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்ற ஆசைதான் முதல் நாள் எங்களைக் கெடுத்தது. அரக்கில் மலைவாழ் மக்கள் பயிரிடும் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்கிறார்கள். கும்பகோணத்துக் காப்பியோடு ஒப்பிட்டு நடந்த வாதம் விசாகப்பட்டினம் வந்தும் முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லுவோம்: டிசம்பர்க் கடைசியில் அவ்வண்டியில் கூட்டம் மிகுதி, முன்பதிவு செய்யாமல் போனால் நின்றுகொண்டே மலையைக் காண நேரிடும்.

ஐந்தாம் நாள் பீமுனிப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலையில் பேருந்தில் சென்றோம். வழியில் தொட்லகொண்டா என்னும் குன்றின்மேல் பழைய பௌத்த மடத்தின் அடித்தளங்கள் உள்ளன. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளால் அக்குன்றுக்கு இப்பெயர் வந்தது. கடலை நோக்கி அமர்ந்து தியானம் செய்யத் துறவிகள் தெரிவு செய்த இடம் அது. நாங்களும் அரை மணி நேரம் வாளா அமர்ந்திருந்தோம். அதற்கப்பால் 'எர்ர மட்டி திப்பலு' என்னும் செம்மணல் மேடுகள். பீமுனிப்பட்டினத்தில் டச்சுக்காரர் வாணிகம் செய்த காலத்துக் கல்லறைகள் இன்றும் உள்ளன.

மாலையில் துறைமுகத்தருகே சென்றோம். அங்கே மூன்று குன்றுகள்: ஒன்றில் வேங்கடேசுவரர் கோயில், ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா. கடலுக்குப் போகிறவர்கள் மூன்றையும் நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

துறைமுகம் கப்பல்களுக்குத் திறந்தது 1933-இல். மத்திய மாகாணத்து மாங்கனீசுத் தாதுவை ஏற்றுமதி செய்வதற்காகவே ராய்ப்பூர்–விஜயநகரம் பாதையும் இத்துறைமுகமும் ஒன்றையொன்று எதிர்பார்த்து அமைந்தன. நமது ரயில்வேக்கு முன்னோடியான பெங்கால்–நாக்பூர் ரயில்வேயும் மதராஸ் ரயில்வேயும் சந்தித்த இடமும் வால்டேர்தான். ஆகவே கரக்பூர்க்காரர் இந்நகரில் முற்றும் அந்நியரல்லர். இங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய 'ஜல உஷா'வை 1948-இல் பண்டித நேரு நீரில் மிதக்கவிட்டார்.

உணவைப் பற்றித் தாய்மார்கள் கேட்பார்கள். காலையில் பெசரட்டும் உப்புமாவும்; நண்பகலில் கோங்குராவோடு தெலுங்குச் சாப்பாடு; மாலையில் கடற்கரையில் பொரிக் கலவையும் சுட்ட சோளக்கதிரும். காரம் சற்று மிகுதி. குழந்தைகளுக்குத் தயிரை அதிகம் கேட்டு வாங்கவேண்டும். மொழித் தொல்லை இல்லை. காலனியில் தெலுங்கு நண்பர்களோடு நாம் பேசிப் பழகிய பேச்சு அங்கே கைகொடுத்தது. காலமோ, நவம்பர்க் கடைசி முதல் பிப்ரவரி வரை உத்தமம். அக்டோபரில் புயல் பயம் உண்டு. 2014 அக்டோபர் 12-இல் 'ஹுத்ஹுத்' புயல் இந்நகரை நேரே தாக்கிற்று.

பெரியோர்களே! சொல்லவேண்டியவற்றை முடித்துவிட்டோம், ஒன்றே ஒன்று மீதி.

மூன்று வீட்டுப் பெண்களும் நான்கு நாள் அடுப்பின் முகத்தில் விழிக்கவில்லை. கடற்கரைச் சுவரில் அமர்ந்து, யாருக்கும் எதையும் பரிமாறாமல், தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததை நாங்கள் தூரத்திலிருந்து கண்டோம். இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவர்கள் அப்படிச் சிரித்து நாங்கள் கண்டதில்லை. அதற்கு ஆன செலவு, ஊரில் ஒரு கலியாணத்துக்கு எழுதும் மொய்யைவிட மிக அதிகமன்று.

இங்கே அமர்ந்திருப்போரில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறுவீர்கள். பெண்ணின் கலியாணம் முடியட்டும், பையனுக்கு வேலை ஆகட்டும், கடன் தீரட்டும் என்று நாம் ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அக்கணக்கில் ஒரு புள்ளி தீர்ந்தால் இன்னொரு புள்ளி முளைக்கிறது. எங்கள் தகப்பனாரின் கணக்கும் அவ்வாறே இருந்தது.

இவ்வாண்டுக்கான பாஸ் விண்ணப்பங்களில் பல எங்கள் மேசைக்கு வரும். 'இடைநிறுத்தம்: விசாகப்பட்டினம்' என்று அவற்றில் நாலைந்து வந்தாலும், இந்தச் சொற்பொழிவு வீண் போகவில்லை என்று மகிழ்வோம். உடன் தாய் தந்தையர் இருப்பின் அவர்களையும் அழைத்துச் செல்ல மறவாதீர்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நமது சங்கம்!